எண்ணி முடிக்கும்வரை

ஒயர் கூடை பின்ன உட்காரும்போது என் முதுகு பீரோவில் சாய்ந்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் சேலையில் சுண்ணாம்பு ஒட்டும். அதோடு எங்கள் ஊர்ச் சுவர் சாயங்காலம் ஆறு மணிக்கும் சுட்டுக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் குளிர்ச்சியாக இருந்த ஒரே பொருள் அந்த இரும்பு பீரோதான். கால் இரண்டையும் நீட்டி, ஒயரை வலது கால் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்வேன். நுனியைக் கத்தரியால் வெட்டமாட்டேன், பல்லால் கடித்துத்தான் கூராக்குவேன். என் முன்பல் ஒன்றில் அதற்கான பள்ளம் இன்றும் இருக்கிறது. ஒரு வரிசை முடியும்வரை தண்ணீர் குடிக்கமாட்டேன். நீலத்தோடு பச்சையைச் சேர்க்கமாட்டேன். ஒரு முடிச்சு திரும்பி விழுந்திருந்தால் வரிசை முழுவதையும் பிரிப்பேன். கூடை முடிந்த அன்றைக்கே கைப்பிடி போடவும் மாட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கைப்பிடி இல்லாத கூடைகள் பரணில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அவசரத்துக்கு என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை எடுத்துச் சணல் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவார்.

இவையெல்லாம் யாரையும் தொந்தரவு செய்யாத பழக்கங்கள். வீட்டைத் தொந்தரவு செய்தது நான் எண்ணுவது.

சாதாக் கூடைக்கு முடிச்சுகளை எண்ண வேண்டியதில்லை. எனக்குக் கூடை பின்னக் கற்றுக்கொடுத்த தோழியே அதைச் சொல்லியிருக்கிறாள். வேலை பார்த்த இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பின்னுவோம். மற்றவர்கள் பேசிக்கொண்டே பின்னுவார்கள். நான் உதட்டை அசைத்து எண்ணுவேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், திரும்பவும் மூலையிலிருந்து தொடங்குவேன். அதனால் எனக்கு இன்னொரு பழக்கம் வந்தது. காலடிச் சத்தம் கேட்டாலே இடது கை தானாக மேலே எழும், உள்ளங்கை வெளியே பார்த்தபடி. பொறு, பேசாதே என்று பொருள்.

நான் வேலை பார்த்தது ராமநாதபுரத்தில், டெலிபோன் எக்சேஞ்சில். எழுபதுகளின் நடுவில், இருபது வயதில் சேர்ந்தேன். எட்டு மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பலகையின் முன்னால் உட்கார வேண்டும். நம்பர் கேட்க வேண்டும், கயிற்றைச் செருக வேண்டும், பேசி முடித்தார்களா என்று பார்க்க வேண்டும். தூரத்து ஊருக்குப் பேசுகிறவர்கள் தூரத்துக்கு ஏற்றபடி கத்துவார்கள். சாவுச் செய்தி, மாடு விற்ற செய்தி, மணல்மேட்டு நிலத் தகராறு, சம்பந்தம் பேசியது, எல்லாம் என் காது வழியாகத்தான் போகும். கருவியைக் கழற்றிய பிறகும் காதுக்குள் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்றுகொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு குரலும் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் அந்தக் குரல்கள் அடங்கும். எனக்குக் கூடை வேண்டியிருந்ததா, எண்ணிக்கை வேண்டியிருந்ததா என்று கேட்டால் எண்ணிக்கைதான் என்பேன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் எனக்கு நேரெதிர். நாளெல்லாம் ஊர்ப் பெயரைக் கூவிவிட்டு வந்தாலும் அவருக்குப் பேச்சு தீராது. முதலில் மண்டபம் வரை போய்க்கொண்டிருந்தார். கடல்மேல் ரோட்டுப் பாலம் வந்த பிறகு ராமேஸ்வரம் வரை போனார், பேச்சும் அந்த அளவுக்கு நீண்டது. காசிக்காரர்கள், தலைமுடி எடுத்த பிள்ளைகள், கருவாட்டு மூட்டை, எல்லாவற்றையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார்.

“இங்கேரு, இன்னைக்கு அக்காள்மடத்துல ஒரு அம்மா ஆட்டோட ஏறிருச்சு. ஆட்டுக்கு டிக்கெட்டு வாங்குன்னா...”

என் கை மேலே எழும்.

அவர் நிறுத்திவிடுவார். பையை ஆணியில் மாட்டி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, தெருமுனை டீக்கடைக்குப் போவார். ஆட்டின் கதையை டீக்கடையில் சொல்லி முடிப்பார். எனக்கு வரிசை முடிந்து, அவர் திரும்பி வந்ததும் கேட்பேன்.

“ஆடு என்னாச்சு?”

“எறங்கிருச்சு.”

அவ்வளவுதான். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருமுறை சொன்னதை இரண்டாவது தடவை சொல்ல அவருக்குப் பிடிக்காது, அதுவும் ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். நான்கைந்து வயதிலேயே என் கையின் பொருள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசைவது நின்றதும்தான் வாயைத் திறப்பாள். ஒருநாள் அப்படியே நின்று, நான் வரிசையை முடித்ததும், “அம்மா, பால் பொங்கிருச்சு” என்றாள். அடுப்பெல்லாம் பால். எக்சேஞ்சில் இதைச் சொல்லிச் சிரித்தேன். என் பிள்ளை தொந்தரவே பண்ணாது என்று பெருமையாகவும் சொன்னேன்.

அவள் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு சனிக்கிழமை மதியம். எனக்கு விடுமுறை, அவருக்கு வேலை. தோழி ஒருத்தி புது வீடு கட்டிக் குடிபோகிறாள் என்று சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கூடை பின்னிக்கொண்டிருந்தேன். சுற்றுக்கு அறுபத்து நான்கு முடிச்சு. நடுவில் கண் கண்ணாக இடைவெளி விட்டுப் பின்னுகிற மாதிரி அது. அதற்கு நிஜமாகவே எண்ணித்தான் ஆக வேண்டும்.

நாற்பத்தொன்றில் இருந்தேன். மகள் கொல்லைப்பக்கமிருந்து வந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவள் பாதங்களைத்தான் பார்த்தேன். ஈரமாக இருந்தன. ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என் கை எழுந்தது. பாதங்கள் நின்றன. ஐம்பத்திரண்டாவதில் ஒரு முடிச்சு திரும்பியிருந்தது. பிரித்தேன். திரும்ப எண்ணினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாதங்கள் இல்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உண்மையில் எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வரிசையை முடித்து, அடுத்ததையும் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் தங்கைகள் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் லாத்தா என்றே கூப்பிடுவோம். எப்போதும் கொல்லைச் சுவருக்கு மேலாகத்தான் பேசுவார். அன்றைக்கு முன்வாசல் வழியாக வந்து என் எதிரில் நின்றார்.

“தங்கச்சி, கூடையக் கீழ வை.”

அவருக்கு முன்னாலும் கையைத் தூக்கினேன். அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

“எண்ணுனது போதும். புள்ள எங்கன இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?”

“பின்னால இருக்கும், லாத்தா.”

“எங்க வூட்டுல இருக்கு. பெரிய மனுசியாயிருச்சு. அர மணி நேரமாச்சு.”

கூடையை எப்படி வைத்தேன், எப்படி அந்த வீட்டுக்குப் போனேன் என்று நினைவில்லை. அவர்கள் வீட்டுப் பின்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். லாத்தாவின் சேலை ஒன்றை இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். கையில் இஞ்சி தட்டிப் போட்ட டீ. அழுது ஓய்ந்த முகம்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ எண்ணிக்கிட்டிருந்தியேம்மா.”

கரண்ட் இல்லை என்று சொல்வதைப்போலச் சொன்னாள். குறை சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

“ரொம்பப் பயந்துருச்சு” என்றார் லாத்தா. “எங்கயோ அடிபட்டுருச்சு, செத்துப்போயிருவோம்னு நெனச்சிருக்கு. நான் வெவரஞ் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் வையாத.”

நான் அவளை வையவில்லை. அவளுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வந்தால் எனக்குப் பேச முடிந்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருந்தேன்.

மறுநாள் காலையில் உச்சிப்புளியிலிருந்து என் வீட்டுக்காரருடைய அக்கா வந்தார். நல்லெண்ணெய், முட்டை, உளுந்து மாவு எல்லாம் பை நிறைய. வந்ததும் முதல் கேள்வி இதுதான்.

“ஏத்தா, மொதமொத யாரு பாத்தது?”

“பக்கத்து வீட்டு லாத்தா.”

“நல்லதாப் போச்சு. பெத்தவ கண்ணுல மொதல்ல படக்கூடாதும்பாக. ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சேன். வெவரமானவதான் நீ.”

நான் மறுக்கவில்லை. அதன் பிறகு வந்த உறவுக்காரப் பெண்கள் எல்லோரிடமும் அவர் அதையே சொன்னார். வேலைக்குப் போகிற பொம்பளைக்கு என்ன தெரியும் என்பவர்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் காபி கொடுத்துக்கொண்டே இருந்தேன். லாத்தாவும் அங்கேதான் உட்கார்ந்து தாம்பாளத்தில் வாழைப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். அதைக் காதில் வாங்கினார். பழச் சீப்பைத் திருப்பி வைத்தார்.

சடங்கு முடிந்து, பந்தலைப் பிரித்து, எல்லோரும் ஊருக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“புள்ள வந்து நின்னப்பவும் கையத் தூக்குனியா?”

“ஆமா.”

டிக்கெட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருமுறை சொன்னதை இரண்டாம் தடவை சொல்லாதவர், ஒருமுறை கேட்டதையும் பிறகு கேட்கவில்லை.

பாதியில் நின்ற சிவப்பு வெள்ளைக் கூடையைப் பரணில் போட்டேன். தோழி வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் அண்டாவைக் கொடுத்தோம். நான்கு மாதம் ஒயரைத் தொடவில்லை. அது ஒரு நல்ல முடிவு என்று நான் நினைத்ததும் தவறாகிப்போனது. சாயங்காலத்தில் அதே பீரோவில் முதுகைச் சாய்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பேன். காதுக்குள் குரல்கள் ஓயாது. ஜன்னல் கம்பியை எண்ணுவேன், உத்திரத்தை எண்ணுவேன். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவேன். எக்சேஞ்சில் ஒருவர் இணைப்புக் கிடைக்காமல் நாலாவது தடவை கேட்டபோது, “எனக்கு மட்டும் பத்துக் காதா இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். எழுத்தில் புகார் வந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, உடம்பு சரியில்லையென்றால் லீவு போடும்மா என்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரரே பரணில் ஏறி ஒயர் கட்டை எடுத்துக் கீழே போட்டார்.

“பின்னு. நீ சும்மா ஒக்காந்திருக்கிறது எங்களுக்குத் தாங்கல.”

திரும்பத் தொடங்கினேன். இந்தத் தடவை ஒரு ஊக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். யாராவது வந்தால் எண்ணிய இடத்தில் ஊக்கைக் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, “சொல்லு” என்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பழக ஒரு வருஷம் ஆனது. கை பாதிவரை எழும், அப்புறம் ஞாபகம் வந்து ஊக்கைத் தேடும். பார்க்கிறவர்களுக்குக் கொசு ஓட்டுவதைப்போல இருந்திருக்கும்.

ஆனால் மகள் வந்து நிற்பது குறைந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் போகும்போது நானே ஊக்கைக் குத்திவிட்டு, “என்னடி?” என்பேன்.

“ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்.”

அவளுக்குச் சொல்வதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு கொல்லைப்பக்கம் போவாள். சுவரின் அந்தப் பக்கத்தில் அவள் குரலும் லாத்தாவின் குரலும் கேட்கும். சிரிப்பும் கேட்கும். கணக்கில் தேறாததை லாத்தாவிடம் சொன்னாள். டீச்சர் டிரெயினிங் வேண்டாம், மதுரையில் நர்சிங் படிக்க வேண்டும் என்பதையும் அவரிடம்தான் முதலில் சொன்னாள். எனக்கு எல்லாச் செய்தியும் சுவருக்கு மேலாக, ஒரு நாள் தாமதமாக வந்தது.

“நான் ஒங்கிட்டச் சொல்லச் சொல்லித்தான் சொன்னேன் தங்கச்சி. நீங்களே சொல்லிருங்கங்குது” என்பார் லாத்தா. அவருக்கே அது சங்கடமாக இருந்தது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒரு வருஷம் நல்ல வருத்தம் இருந்தது. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குக் கரும்பு அனுப்பவில்லை. மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன். நோன்புப் பெருநாளுக்கு அவர் வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் பிரியாணி கொடுத்து அனுப்பினார். மகள்தான் வாங்கி வந்தாள். அந்தச் சட்டியைக் கழுவும்போது எனக்கு என்னைப் பற்றியே அலுப்பாக இருந்தது. அந்த வாரம் உட்கார்ந்து அவருக்கு ஒரு கூடை பின்னினேன். அந்தக் கூடைக்கு மட்டும் அன்றைக்கே கைப்பிடி போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இதுல எத்தன முடிச்சு?” என்று கேட்டார் லாத்தா.

சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தொண்ணூறுகளில் எக்சேஞ்சில் தானாக இயங்கும் இயந்திரங்கள் வந்தன. எங்கள் பலகையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பெண்களையெல்லாம் மேசைக்கு மாற்றினார்கள். எனக்குப் பழுதுப் புகார் எழுதுகிற வேலை. நாளைக்கு இருபது பேரிடம் பேசினால் அதிகம். காது ஓய்ந்தது. வீட்டில் யாராவது பேசினால் கேட்கலாம் என்று இருந்தது. ஆனால் அதற்குள் மகள் மதுரை விடுதிக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரரின் தொண்டையும் கட்டிப்போயிருந்தது. டாக்டர் அதிகம் பேசாதீர்கள் என்று சொல்லியிருந்தார். நான் வலியக் கேட்பேன்.

“இன்னைக்கு பஸ்ஸுல என்ன நடந்துச்சு?”

“என்ன நடக்கும். ஏறுனாக, எறங்குனாக.”

மகள் படிப்பை முடித்தாள், மதுரையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே கல்யாணமாகி ஒரு பையனும் பிறந்தான். எல்லாம் முறையாக நடந்தது. ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் பையை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போவாள். நான் அதற்குள் சமைத்து வைத்துவிடுவேன். பழகிப்போனது. நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். அவர் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்ப்பார்.

பிறகு லாத்தாவின் மகன் சென்னையில் வீடு வாங்கினான். துபாயிலிருந்து திரும்பி வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் அங்கே அழைத்துக்கொண்டான். அவர்கள் கிளம்பிய அன்று மகள் மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். லாத்தாவின் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதாள். நான் அவர்கள் ரயிலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அது கனத்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் என் கட்டைவிரல் மூட்டுகள் இரண்டும் வீங்கின. ஒயரை இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பது வருஷப் பழக்கம், விட முடியாது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். மிச்சமிருந்த ஒயர் கட்டுகளைத் தெருப் பெண்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், மகள் ஐந்து நாள் வந்து தங்கினாள். பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தாள். கொடியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒரு போர்வையின் க்ளிப்பைக் கழற்றியபடியே பேசினாள்.

“அம்மா, அவருக்கு வேல போயிருச்சு. கம்பெனிய மூடிட்டாங்க. மூணு மாசமாச்சு. யாருக்குஞ் சொல்லல.”

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதற்காகக் காத்திருந்தேன். ஒரு விஷயத்தை அவள் என்னிடம் முதலில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வேன், எப்படிப் பிடித்து உட்கார வைப்பேன் என்றெல்லாம் சமையலறையில் நின்று யோசித்திருக்கிறேன். இரண்டு கையிலும் துணியோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாத்தாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். தெரியவில்லை.

“சரி” என்றேன். “மழ வாரமாதிரி இருக்கு. உள்ள வா.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவருமாக மடித்தோம். படியில் இறங்கும்போது கேட்டேன்.

“இங்கனயே வந்து கொஞ்ச நாளைக்கி இருங்களேன்.”

“பாக்கலாம்மா. நான் ரெண்டு ஷிப்டு பாக்கறேன். காலுதான் வலிக்குது.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. காது.”

“தெரியும்மா” என்றாள்.

கீழே வந்து கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துச் சோறு போட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் டிவி சத்தத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் எழுந்து சத்தத்தைக் குறைத்தேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். தூங்குகிறாள் என்று ஜாடை காட்டினேன். அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து மருமகனுக்கு ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை கிடைத்தது. அதை மகளே போனில் சொன்னாள். இரண்டு வாக்கியம்தான் பேசினாள். சந்தோஷம் என்றேன். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டார் என்றேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.